லாட்ஜில் ஆதாரைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்க்கக் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போயிருந்தோம். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் தங்கினோம். அறையிலோ கவனிப்பிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை.

வரவேற்பறையில் இருந்த தம்பி என் மனைவியின் ஆதார் அட்டையை மேசைமேல் வைத்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று தன் சொந்த செல்போனில் படம் பிடித்தார். “ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர், அண்ணாச்சி” என்றார். தேர்க் கூட்டம், வாசலில் ஆட்டோ, கையில் பெட்டி. சரி என்று விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் மாலை மனைவிக்கு ஓர் அழைப்பு. லாட்ஜிலிருந்து பேசுவதாகச் சொன்னவர், அவள் பெயர், அறை எண், தங்கிய தேதி எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னார். ஜி.எஸ்.டி. கூடுதலாகப் பிடித்துவிட்டோம், 1,120 ரூபாய் திருப்பித் தருகிறோம் என்று க்யூஆர் கோடு அனுப்பினார். இத்தனை விவரம் சொல்பவரை எப்படிச் சந்தேகிப்பது? ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தினாள். போனது 11,200 ரூபாய். யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைத்திருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். நாங்கள் அழைத்தது மறுநாள் காலை.

நேரில் போய்க் கேட்டேன். அந்தத் தம்பி எதையும் மறைக்கவில்லை. செல்போனைத் திறந்து காட்டினார். அவருடைய குழந்தையின் காதுகுத்துப் படங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக முன்பின் தெரியாதவர்களின் ஆதார் அட்டைகள். ஒவ்வொன்றையும் அறை எண், தொலைபேசி எண்ணோடு ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அங்கே வழக்கமாம். குழுவில் 43 பேர். வேலையை விட்டுப் போனவர்களையும் யாரும் நீக்கவில்லை. எங்கள் படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அழுத்திப் பார்த்தார். அனைவருக்கும் நீக்குவதற்கான கெடு தாண்டிவிட்டது. அவர் செல்போனிலிருந்து மட்டும்தான் அது போனது.

திருடியவர் அந்தக் குழுவில் இருப்பவர்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இத்தனை விவரமும் ஒன்றாகக் கிடந்த இடம் அதுதான்.

போலீஸ் கேட்பதால் பதிவு செய்கிறோம் என்றார் முதலாளி. பதிவேடு வேண்டியதுதான். அதற்கு ஊழியரின் சொந்த செல்போன் எதற்கு? விருந்தினரின் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள். அடையாள அட்டையும் அப்படித்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் கோபமெல்லாம் முதலாளிமேல்தான்.

குற்றால சீசனுக்குப் பலர் கிளம்புவீர்கள். மைஆதார் இணையதளத்தில், முதல் 8 இலக்கங்களை மறைத்துக் கடைசி 4 மட்டும் காட்டும் ஆதாரைத் தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகலையே கொடுங்கள். யாராவது செல்போனை எடுத்தால், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.