உணவு அலர்ஜிக்கு எந்த டெஸ்ட்? தோலில் குத்துவதா, ரத்தம் எடுப்பதா?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் ஒரு குழந்தைக்குச் சாப்பிட்டதும் உதடு வீங்கிவிட்டாலோ, உடம்பெல்லாம் காணாக்கடி வந்துவிட்டாலோ, வீட்டில் இரண்டு யோசனை வரும். பாலக்காட்டில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிடலாம் என்பார் ஒருவர். வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போய்த் தோலில் குத்திப் பார்த்துவிடலாம் என்பார் இன்னொருவர். இரண்டு டெஸ்டும் தேடுவது ஒன்றைத்தான்: அந்த உணவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கி வைத்திருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம். என்னைக் கேட்டால், தோல் தெளிவாக இருக்கிற குழந்தைக்கு ஸ்கின் ப்ரிக் டெஸ்ட்தான் முதலில்.

ஊசி என்றதும் பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. முன்கையின் உட்புறத்தைத் துடைத்து, பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைப்பார்கள்: பால், முட்டை, நிலக்கடலை, இறால் என்று. கைக்குழந்தைக்கு முதுகில். சொட்டின் மேலேயே சின்ன லான்செட்டால் மேல்தோலில் ஒரு குத்து, அவ்வளவுதான். பெரும்பாலும் ரத்தம்கூட வராது. கூடவே ஹிஸ்டமின் ஒரு சொட்டு, உப்புநீர் ஒரு சொட்டு. ஹிஸ்டமின் வைத்த இடம் தடிக்க வேண்டும், உப்புநீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது. ஹிஸ்டமினே தடிக்கவில்லை என்றால் மற்ற இடங்களில் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் அதை நம்பக் கூடாது.

அப்புறம் 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். குத்துவதைவிட இதுதான் குழந்தைக்குக் கஷ்டம். நன்றாக அரிக்கும், சொறியவும் கூடாது. நர்ஸ் மலையாளத்தில் "சொறியருது மோனே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நீங்கள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்ல வேண்டியதுதான். கொசுக்கடி மாதிரி எழும்பும் தடிப்பை ஸ்கேலால் அளப்பார்கள். உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். முடிவு அன்றைக்கே கையில். மாம்பழம், கத்தரிக்காய் மாதிரி உணவில் சந்தேகம் என்றால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அந்தப் பழத்தையே கொண்டு போகலாம். பழத்தில் குத்திய லான்செட்டால் தோலில் குத்திப் பார்ப்பதும் வழக்கம்தான்.

இதில் பலர் தவறவிடுவது மாத்திரை விஷயம். தடிப்பை எழும்பவிடாமல் அடக்கும் செட்டிரிசின், லீவோசெட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டு, நிறுத்தியிருக்க வேண்டும். சளி சிரப் பலவற்றிலும் இந்த வகை மருந்து இருக்கும், லேபிளைப் பாருங்கள். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கொடுக்கலாம். உடம்பு முழுக்கக் கரப்பான் இருக்கும் குழந்தைக்கும், விரலால் கீறினாலே தோல் தடித்துப்போகிறவர்களுக்கும் இதுதான் சரி. ஆனால் ரிசல்ட் வரச் சில நாள் ஆகும், ஒவ்வொரு உணவும் பில்லில் தனியாக ஏறும்.

இரண்டும் சறுக்குவது ஒரே இடத்தில். பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வீட்டுத் தூசிப் பூச்சிக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கு இறால் பாசிட்டிவ் காட்டலாம், இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் ஒத்த வடிவில் இருப்பதால். வாராவாரம் இறால் குழம்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு, இந்த ஒரு தாளைக் காட்டி மீன்கடைப் பக்கமே போகாதே என்று சொல்வது அநியாயம். தடிப்பு பெரிதானால் அலர்ஜியாக இருக்கும் வாய்ப்புதான் கூடும். அடுத்த முறை எவ்வளவு மோசமாக வரும் என்பதை அது சொல்லாது. தோலில் நெகட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் பால் குடித்துப் பல மணி நேரம் கழித்து வரும் வயிற்றுப்போக்கு மாதிரி ஐஜிஇ சம்பந்தப்படாதவை எதிலும் தெரியாது.

நூறு உணவுக்கு மொத்தமாகப் பார்க்கிறோம் என்று விற்கப்படும் ஐஜிஜி பேக்கேஜை நான் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். ஐஜிஜி என்பது ஐஜிஇ அல்ல, வேறொரு எதிர்ப்புப் புரதம்; நாம் சாப்பிட்ட உணவுக்கு உடம்பில் சாதாரணமாகவே உண்டாவது. அதை நம்பிப் பாலையும் முட்டையையும் கோதுமையையும் நிறுத்திய குழந்தை எடை குறைவதைத் தவிர வேறு பலன் இல்லை.

குழந்தை சொன்னதும் டெஸ்ட் சொல்வதும் ஒத்துவராவிட்டால், ஆஸ்பத்திரியில் வைத்து அந்த உணவையே துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். அரை நாள் ஆகும், அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே இருக்கும். மூச்சுத் திணறல் ஒருமுறை வந்த குழந்தைக்கு இதை வீட்டில் முயலவே கூடாது.