40 உருப்படி டாப்-டை பெட்டி: இதில் இருப்பது எந்த இஞ்ச்?

துளைக்குள் மரை வெட்டுவது டாப், கம்பியின் மேல் மரை வெட்டுவது டை, இரண்டும் அடங்கிய பெட்டி இது. மூடியில் ஒரு பக்கம் மெட்ரிக், மறுபக்கம் இஞ்ச் என்று போட்டிருக்கிறது. சீனத் தயாரிப்பு. எம்3 முதல் எம்12 வரை (3 முதல் 12 மில்லிமீட்டர் விட்டம்) ஒரு வரிசை, இரண்டு நூல் முதல் நாலு நூல் வரை (அதாவது கால் இஞ்ச் முதல் அரை இஞ்ச்) இன்னொரு வரிசை. ரங்கூன் பட்டறைக்கு இரண்டும் தேவை. ஜப்பான் பழைய வண்டி முழுக்க மில்லிமீட்டர். வெள்ளைக்காரன் காலத்து ஆலை எந்திரமும் லேத்தும் விட்வொர்த் இஞ்ச், அதாவது பழைய பிரிட்டிஷ் மரை. ஒரே பெட்டியில் காரியம் முடியும் என்றுதான் தோன்றும். முடியாது.

இஞ்ச் டாப்பின் கழுத்தில் பொறித்திருப்பதை லென்ஸ் வைத்துப் படியுங்கள்: யுஎன்சி. அது அமெரிக்க மரை, பல்லின் கோணம் 60 டிகிரி. 1841-இல் வந்த விட்வொர்த் மரைக்கு 55. இரண்டு நூலில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 20 மரை, மூணு நூலில் 16. நட்டு ஏறிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. நாலு நூலில்தான் குட்டு உடையும். விட்வொர்த்தில் 12 மரை, யுஎன்சியில் 13. பழைய போல்ட்டில் நட்டு இரண்டு மூன்று சுற்று போய் இறுகிவிடும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் இரண்டு மரையும் போச்சு. துரு எடுக்கிறேன் என்று இந்த டையை அந்த போல்ட்டில் ஓட்டினால் பழைய மரையின் மேலேயே புதிது குறுக்கே விழும். வேடிக்கை என்னவென்றால், கூடவே வரும் மரை கேஜில் 55 டிகிரி இதழ்கள். அளக்க விட்வொர்த், வெட்ட யுஎன்சி!

மெட்ரிக் பக்கத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. எம்10-க்கு 1.5, 1.25 இரண்டு பிட்சும் (மரைக்கு மரை உள்ள தூரம், மில்லிமீட்டரில்) வைத்திருக்கிறார்கள். ஜப்பான் வண்டியில் அடிக்கடி வருவது 1.25. துளைக் கணக்கு சுலபம்: விட்டத்தில் பிட்சைக் கழியுங்கள். எம்10×1.5-க்கு 8.5 ட்ரில், 1.25-க்கு 8.75, அதாவது 8.8. பழக்கத்தில் 8.5 போட்டு 1.25 டாப்பை இறக்கினால் இறுகி ஒடியும்.

பெட்டியில் உள்ள ஒரே பைப் டாப் அரைக்கால் இஞ்ச் என்பிடி (அமெரிக்க பைப் மரை), இஞ்சுக்கு 27 மரை. டொயோட்டா ஆயில் பிரஷர் சுவிட்சுக்குப் பொதுவாக வருவதோ அரைக்கால் பிஎஸ்பி டேப்பர் (முனை நோக்கிச் சரியும் பிரிட்டிஷ் பைப் மரை), 28 மரை. என்பிடி அதைவிட அரை மில்லிமீட்டர் தடிப்பு. எஞ்சின் பிளாக்கில் விட்டால் இருக்கிற மரையைச் சீவிவிடும், பிறகு சுவிட்ச் ஆடும், எண்ணெய் கசியும்.

இரும்பு சாதாரண டூல் ஸ்டீல், எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) இல்லை. மைல்டு ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் போதும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஸ்டீலுக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரே டாப்தான், அதுவும் முனை சரிந்தது. அடி மூடிய துளையில் கடைசி நாலு மரை வெட்டாது. அதற்கு அடிவரை வெட்டும் மூன்றாம் டாப் தனியாக வேண்டும்.

மெட்ரிக் பாதிக்காக வாங்கலாம். கூடவே அரை இஞ்ச் விட்வொர்த் டாப் (10.5 ட்ரில்), அரைக்கால் பிஎஸ்பி டேப்பர் டாப், எச்எஸ்எஸ் எம்6 ஒன்று, மூன்றையும் உதிரியாக எடுத்துவிடுங்கள். யுஎன்சி டாப்புகளைத் தனி டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி வையுங்கள், பையன்கள் நாலு நூல் என்று கேட்டால் அதை நீட்டிவிடுவார்கள்.