மரடோனாவா ஸ்கலோனியா, லேம்பார்டா டூகலா, பெனிடெஸா ஜிடானா: பெரிய பிளேயர் நல்ல மேனேஜர் ஆவாரா?

2018ல ஸ்கலோனிய அர்ஜென்டினா ஃபுட்பால் டீமுக்கு தற்காலிக மேனேஜரா, அதாவது கோச்சா, போட்டப்போ மரடோனா செம கடுப்பாயிட்டார். நல்ல பையன்தான், ஆனா டிராஃபிக்கை கூட ஒழுங்குபடுத்தத் தெரியாது, அவன்கிட்ட போய் நம்ம டீமைக் குடுக்குறீங்களேன்னு பொரிஞ்சு தள்ளினார். பிளேயரா வச்சுப் பாத்தா மரடோனா கேட்டது நியாயம்தான், ரெண்டு பேருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்கலோனி ஸ்பெயின் கிளப்பான டிபோர்டிவோ லா கொருன்யால ரைட் சைடுல மூச்சு வாங்க ஓடிட்டிருந்த ஒரு உழைப்பாளி, 2006 வேர்ல்ட் கப் டீம்ல இருந்தார், அதுல ஆடினது ஒரே ஒரு மேட்ச். 2022ல கத்தார்ல வேர்ல்ட் கப்பைத் தூக்கினது அந்த டிராஃபிக் போலீஸ்தான். அதைப் பாக்க மரடோனா இல்ல, 2020லயே போய்ச் சேந்துட்டார்.

ஸ்டார் பிளேயர் நல்ல மேனேஜர் ஆவாரா மாட்டாராங்கிற சண்டைல ஆளுக்கு ஒரு பேரைத் தூக்கி எறிவாங்க, ஒருத்தர் மேனேஜராவும் ஜெயிச்ச க்ரைஃப்னா இன்னொருத்தர் மேனேஜரா சறுக்கின ஹென்ரி, அதுக்கு முடிவே கிடையாது. அதனால நான் கொஞ்சம் வேற மாதிரி பாக்குறேன், ஒரே டீம், கிட்டத்தட்ட ஒரே ஆளுங்க, முதல்ல ஒருத்தர் நடத்துறார், அப்புறம் இன்னொருத்தர் வர்றார், என்ன மாறுச்சு?

முதல்ல இந்த அர்ஜென்டினா கதையே. 2010 வேர்ல்ட் கப்ல மேனேஜர் மரடோனா கைல இருந்தது 23 வயசு மெஸ்ஸி. அந்த சீசன்ல இன்டர் மிலான் இத்தாலி லீக், இத்தாலி கப், ஐரோப்பா கிளப்புகளோட பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக் மூணையும் அடிச்சிருந்தது, அந்த டீமோட தூண்கள்ல ரெண்டு பேர் சனெட்டியும் கம்பியாசோவும், ரெண்டு பேருமே அர்ஜென்டினாக்காரங்க, ரெண்டு பேரையும் மரடோனா கூட்டிட்டே போகல! குரூப்ல மூணு மேட்சும் ஜெயிச்சாங்க, மெக்சிகோவையும் அடிச்சாங்க, டச்லைன்ல கோட் சூட் போட்டுட்டு கைல ஜெபமாலை சுத்திக்கிட்டு ஒவ்வொரு பிளேயரையும் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்துட்டிருந்தார், பாக்கவே சந்தோஷமா இருக்கும். அப்புறம் ஜெர்மனி வந்தது. மூணாவது நிமிஷமே முல்லர் ஒரு கோல், நடுவுல மஷெரானோ தனியாளா நாலு பக்கமும் ஓடிட்டிருக்கார், கடைசில 4-0. மெஸ்ஸி அந்த வேர்ல்ட் கப் முழுக்க ஒரு கோல் கூட அடிக்கல. பால மெஸ்ஸிகிட்ட குடு, மத்தத அவன் பாத்துப்பான், மொத்த பிளானே இதுதானோன்னு எனக்குத் தோணுச்சு. மரடோனாவுக்கு அப்படித்தான இருந்தது, 1986ல பால அவர்கிட்ட குடுத்தாங்க, மத்தத அவர் பாத்துக்கிட்டார்.

ஸ்கலோனிக்கு வந்தது 35 வயசு மெஸ்ஸி, இன்னும் மெதுவா நடக்குற மெஸ்ஸி. முதல் மேட்ச்லயே சவுதிகிட்ட 2-1 தோல்வி. மனுஷன் பதறாம அடுத்தடுத்த மேட்ச்ல மிட்ஃபீல்டயே பிரிச்சு மேஞ்சு மக்காலிஸ்டரையும் என்ஸோ ஃபெர்னாண்டஸையும் உள்ள கொண்டுவந்தார், நெதர்லாந்துக்கு எதிரா அஞ்சு டிஃபென்டர் வச்சார், ஃபைனல்ல எல்லாரும் வலது பக்கம் எதிர்பாத்த டி மரியாவை இடது பக்கம் நிறுத்தினார். அங்க இருந்துதான் முதல் பெனால்டி, ரெண்டாவது கோலும் டி மரியாவோடது. பிரான்ஸ் டிஃபென்ஸுக்கு ஒரு மணி நேரம் என்ன நடக்குதுன்னே புரியல. மெஸ்ஸி நடந்தா சுத்தி இருக்குற ஆளுங்க ஓடணும்ங்கிற கணக்கு, வாழ்நாள் பூரா அடுத்தவனுக்காக ஓடின ஆளுக்கு சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல.

மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுக்கணுமான்னு கேப்போம்ல, அதையே திருப்பிப் போட்டா, மீன்கிட்ட போய் நீச்சல் கத்துக்க முடியுமா? முடியாதே, ஏன்னா அது கத்துக்கவே இல்ல, பொறக்கும்போதே வந்துடுச்சு. நாங்க காலேஜ்ல ஆடும்போது ஒரு சீனியர் இருந்தார், மூணு பேரை ஈஸியா கட் பண்ணிட்டுப் போவார். எப்படிண்ணே பண்றீங்கன்னு கேட்டா, அவன் கால் எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு, நீ இந்தப் பக்கம் போய்டுன்னு சொல்லிட்டு மறுபடி அதையே செஞ்சு காட்டுவார், கொஞ்ச நேரத்துல அவருக்கே எரிச்சல் வந்துடும், இது கூட புரியலயாடான்னு. சட்டில இருந்தா அகப்பைல வரும்பாங்க, அவர் சட்டி நிறைய இருந்தது, அகப்பைதான் இல்ல.

இதுக்கு நேர் எதிர்ல நிக்கிறவர் இத்தாலி கோச் அரிகோ சாச்சி, ஷூ வித்துட்டிருந்தவர், புரொஃபெஷனலா ஆடினதே கிடையாது. 1987ல ஏசி மிலானுக்கு வந்தப்போ பேப்பர்காரங்க கேள்வி கேட்டே கொன்னாங்க, அதுக்கு அவர் குடுத்த பதில் இப்பவும் ஓடிட்டிருக்கு, குதிரை ஜாக்கி ஆகணும்னா முன்னாடி குதிரையா இருந்திருக்கணும்னு எனக்குத் தெரியாம போச்சேன்னார். குல்லிட், வான் பாஸ்டன் மாதிரி ஸ்டார் பிளேயருங்க இவர் சொல்றத சும்மா கேட்டுடுவாங்களா? சாச்சி பின்னாடி சொன்ன கதை இது: ஒரு கீப்பர், பரேசி மால்டினி உட்பட நாலு டிஃபென்டர்னு மொத்தம் அஞ்சு பேரை ஒரு பக்கம் நிறுத்தி, எதிர்ல குல்லிட் வான் பாஸ்டன் எல்லாம் சேத்து பத்து பேரை விட்டு, 15 நிமிஷம் டைம், கோல் போடுங்க பாக்கலாம்னார். அஞ்சு பேரும் அவர் சொன்ன மாதிரி இடைவெளி விடாம நகர்ந்துட்டே இருந்தாங்க, பத்து பேரால கோல் போட முடியல, எத்தனை தடவை வச்சாலும் இதே கதி. இதுக்கு அப்புறம் யாரு கேள்வி கேப்பா. 1989, 1990 ரெண்டு வருஷமும் ஐரோப்பியன் கப், அதாவது சாம்பியன்ஸ் லீக்கோட பழைய பேர், மிலானுக்குத்தான். ஆனா ஒண்ணு கவனிங்க, சாச்சி இதை நிரூபிச்சுக் காட்ட வேண்டி இருந்தது, ஸ்டார் பிளேயருக்கு அந்தப் பரீட்சையே கிடையாது, உள்ள நுழைஞ்சதுமே எல்லாரும் எழுந்து நிப்பாங்க. எழுந்து நின்னவங்க எத்தனை நாளைக்கு நிப்பாங்கங்கிறது வேற விஷயம்.

செல்சி கதையைப் பாருங்க. லேம்பார்டை விட அந்த கிளப்ல யாருக்கு மரியாதை இருக்கும், அந்த கிளப்போட வரலாற்றுலயே அதிக கோல் அடிச்ச மனுஷன். 2021 ஜனவரில டேபிள்ல 9வது இடம், தூக்கிட்டாங்க. வந்தவர் டூகல், முட்டி போய் 25 வயசுக்குள்ள பூட்ஸைக் கழட்டினவர், ஆடினது ஜெர்மனி கீழ் டிவிஷன்ல. மூணு சென்டர் பேக் முறைக்கு மாத்தினார், லேம்பார்ட் ஓரங்கட்டி வச்சிருந்த டிஃபென்டர் ரூடிகரை உள்ள கூப்ட்டார், முதல் 14 மேட்ச்ல தோல்வியே இல்ல, மே மாசம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 அடிச்சு சாம்பியன்ஸ் லீக். ஒரு ஆள் கூட புதுசா வாங்கல, நாலே மாசம்! லேம்பார்ட் மக்குன்னு சொல்லல, பின்னாடி இங்கிலாந்து ரெண்டாம் டிவிஷன்ல 17வது இடத்துல கிடந்த கவென்ட்ரியை எடுத்து 2024-25 சீசன்லயே அஞ்சாவது இடம் வரை ஏத்தினார். செல்சி வேலை அவருக்கு ரொம்ப சீக்கிரம் வந்துடுச்சு, அதுக்கு முன்னாடி மேனேஜரா அவர் பாத்தது டெர்பிங்கிற கிளப்ல ஒரே ஒரு வருஷம்தான்.

இன்னொரு இங்கிலாந்து கிளப்பான ஆஸ்டன் வில்லால லிவர்பூல் ஸ்டார் ஜெரார்டும் எமரியும் இதே கதைதான், 2022ல ஜெரார்ட் போனார், ஸ்பெயின் ரெண்டாம் டிவிஷன்லயே பாதி காலம் ஓட்டின எமரி வந்தார், டீம் அந்த சீசன் 7வது, அடுத்த சீசன் 4வது. ஆனா ஜெரார்ட் ஸ்காட்லாந்து கிளப் ரேஞ்சர்ஸ்ல 2020-21 லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம ஜெயிச்சதையும் மறைச்சுட்டுப் பேசக்கூடாது.

இவ்வளவு நேரம் ஸ்டார்களைப் போட்டுத் தாக்கினதுல குஷியானவங்களுக்கு இப்ப ஒரு ஷாக், ரியல் மாட்ரிட். பெனிடெஸ் பெருசா ஆடினவர் இல்ல, நோட்டும் பேனாவுமா வளர்ந்த கோச், லிவர்பூலுக்கு 2005ல சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் குடுத்தவர், அதாவது நம்ம தியரிப்படி பக்கா மேனேஜர். மாட்ரிட்ல ஏழு மாசம்தான் தாக்குப் பிடிச்சார். 2016 ஜனவரில ஜிடான் வந்தார், அதே ஆளுங்களை வச்சு அந்த மே மாசமே சாம்பியன்ஸ் லீக், அப்புறம் 2017, அப்புறம் 2018. மூணு!

சும்மா நின்னாரு, ரொனால்டோ அடிச்சாருன்னு இதைத் தள்ளிவிடுறவங்க நிறைய பேர். எனக்கு அது ஒத்துக்க முடியல. 2015 நவம்பர்ல சொந்த கிரவுண்ட்ல பார்சிலோனாகிட்ட 4-0 வாங்கினாங்க, அன்னைக்கு தடுத்து ஆடுற மிட்ஃபீல்டரான கசெமிரோவை பெஞ்ச்ல உக்கார வச்சுட்டு முழுக்க அழகா ஆடுற ஆளுங்களா மிட்ஃபீல்டை நிரப்பியிருந்தார் பெனிடெஸ். அழகுக்கே பேர் போன ஜிடான் வந்து என்ன பண்ணினார், கொஞ்ச நாள்லயே கசெமிரோவை நிரந்தரமா உள்ள போட்டார். ஏன்னா அவருக்குத் தெரியும், 2003ல இதே கிளப் கசெமிரோ மாதிரியே தடுத்து ஆடின மகலேலேவை வித்துட்டு பெக்கமை வாங்கினப்போ பின்னாடி துடைக்க ஆள் இல்லாம அந்த ஸ்டார் டீம் எப்படி நொண்டுச்சுன்னு உள்ள இருந்து பட்டவர் அவர். இன்னொண்ணு, மாட்ரிட் வேலை அவருக்கு வானத்துல இருந்து குதிக்கல, அப்ப மாட்ரிட் மேனேஜரா இருந்த ஆஞ்சலோட்டி பக்கத்துல ஒரு சீசன் அசிஸ்டென்ட்டா உக்காந்தார், அப்புறம் ரெண்டாம் டீமான காஸ்டியாவை ஓட்டினார். அந்த ஆஞ்சலோட்டி யாரு, சாச்சியோட மிலான்ல மிட்ஃபீல்டர், பின்னாடி 1994 வேர்ல்ட் கப்ல சாச்சிக்கே அசிஸ்டென்ட். ஷூ கடைக்காரர்கிட்ட இருந்து ஜிடான் வரைக்கும் பாடம் வந்து சேந்திருக்கு பாருங்க.

அதனால கேள்வியையே நான் மாத்திக்கிட்டேன், எவ்வளவு பெரிய பிளேயர்ங்கிறத விட, வரிசைல நின்னு கோச் வேலையைக் கத்துக்கிட்டு வந்தாரா, குறுக்க பூந்தாரான்னு பாக்குறேன். கார்டியோலா பார்சிலோனா பி டீமை நாலாம் டிவிஷன்ல ஓட்டினார். சாபி அலோன்சோ, லிவர்பூல் மாட்ரிட் பயர்ன்னு ஆடின ஆளு, ஸ்பெயின் கிளப் சோசியடாட்டோட பி டீம்ல மூணு வருஷம் உக்காந்துட்டுத்தான் ஜெர்மனி கிளப் லெவர்குசன் போனார், 2023-24ல ஜெர்மனி லீகான பண்டஸ்லிகாவை ஒரு தோல்வி கூட இல்லாம ஜெயிச்சார். இத்தாலி ஸ்டார் பிர்லோ? மேனேஜரா ஒரு மேட்ச் கூட பாக்காம நேரா யுவென்டஸ், ஒம்பது வருஷமா லீக் ஜெயிச்சுட்டிருந்த டீம் நாலாவதா வந்தது. ரெண்டு கப் வாங்கினாலும் வேலை போச்சு. கேரி நெவில், இங்கிலாந்து டீம்ல அசிஸ்டென்ட், அப்புறம் நேரா ஸ்பெயின் கிளப் வலென்சியா, பார்சிலோனாகிட்ட 7-0, நாலு மாசத்துல கிளம்பிட்டார். ஹென்ரி கொஞ்சம் இடிக்கிறார், பெல்ஜியத்துல ரெண்டு வருஷம் அசிஸ்டென்ட்டா இருந்தும் மொனாக்கோல 20 மேட்ச்தான், ஆனா 2024 ஒலிம்பிக்ஸ்ல பிரான்ஸை சில்வர் வரைக்கும் கொண்டுபோனார், வரிசைல நடுவுல எங்கயோ விட்டுட்டு மறுபடி வந்து நின்னார்னு வச்சுக்கலாம். எதிர்ப்பக்கம் பெக்கன்பாவர், லைசென்ஸ் கூட இல்லாம ஜெர்மனியை எடுத்து 1986ல ஃபைனல், 1990ல கப். அவர் என் கணக்குல அடங்கவே மாட்டேங்கிறார், விட்டுட்டேன்.

எண்ணிக்கைலயும் ஒரு தில்லுமுல்லு இருக்கு. லேம்பார்ட் தோத்தா உலகத்துக்கே தெரியும், பேர் தெரியாத ஒரு மேனேஜர் மூணாம் டிவிஷன்ல ஆறு மாசத்துல வேலை போய் வீட்டுக்குப் போனா யாருக்குத் தெரியும்? அந்த மாதிரி ஆயிரக்கணக்குல. ஸ்டார் பிளேயர்ங்க மொத்தமே கொஞ்சம் பேர், அதுலயே வேர்ல்ட் கப்பை பிளேயராவும் மேனேஜராவும் ஜெயிச்சவங்க மூணு பேர், சகாலோ, பெக்கன்பாவர், தெஷாம்ப்ஸ். ஐரோப்பாவோட பெரிய கப்பை ரெண்டு விதமாவும் தூக்கினவங்க ஏழு பேர், முன்யோஸ், டிரபட்டோனி, க்ரைஃப், ஆஞ்சலோட்டி, ரைகார்ட், கார்டியோலா, ஜிடான். கொஞ்சம் பேர்ல இது குறைச்சலே இல்ல. ஆனா இந்தப் பட்டியல்ல மிட்ஃபீல்ட், டிஃபென்ஸ் ஆளுங்கதான் அதிகம், ஸ்ட்ரைக்கர்னு தேடினா க்ரைஃப்தான் வர்றார், அவரும் கோல் போட்ட நேரத்த விட கைய நீட்டி அவன் அங்க போ இவன் இங்க வான்னு சொன்ன நேரம்தான் ஜாஸ்தி.

எனக்குப் புடிச்ச ஜோடி இன்னும் பாக்கி. சார்ல்டன் அண்ணன் தம்பி. 1966ல ஒரே இங்கிலாந்து டீம்ல வேர்ல்ட் கப், தம்பி பாபிக்கு அந்த வருஷ பாலன் டி ஓர், அதாவது ஐரோப்பாவோட சிறந்த பிளேயர் விருது, அண்ணன் ஜாக் நெட்டையா ஒரு டிஃபென்டர், அழகா ஆடுறார்னு யாரும் சொன்னதில்ல. 1973ல ரெண்டு பேரும் ஒரே சீசன்ல ரிட்டயர் ஆகி ஒரே டிவிஷன்ல மேனேஜர் ஆனாங்க, பாபி பிரெஸ்டன், ஜாக் மிடில்ஸ்பரோ. இதை விட சுத்தமான ஒப்பீடு எங்க கிடைக்கும், ஒரே வீட்டு சாப்பாடு, ஒரே கப், ஒரே லீக். அந்த சீசன் முடிவுல ஜாக்கோட டீம் டேபிள்ல முதல் இடம், பாபியோட டீம் ரெலிகேட் ஆகி கீழ் டிவிஷனுக்குப் போச்சு. அடுத்த சீசன் பாபி பூட்ஸை மாட்டிட்டு பிரெஸ்டனுக்காக தானே கிரவுண்ட்ல இறங்கினார். ஜாக் பின்னாடி அயர்லாந்துக்குப் போய், அதுவரை ஒரு பெரிய டோர்னமென்ட் கூட ஆடாத டீமை 1988 யூரோவுக்குக் கூட்டிட்டுப் போனார், அங்க முதல் மேட்ச்லயே 1-0ன்னு அடிச்சது யாரைன்னு நினைக்கிறீங்க, இங்கிலாந்தை.