பேசும் முயலா, புல் தின்னும் முயலா? இயற்கைப் படநூல்கள் ஓர் ஒப்பீடு

இயற்கையைப் பற்றிய படநூல்களைக் கடைக்காரர் ஒரே அலமாரியில் அடுக்கிவிடுவார். ஆனால் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. சட்டை போட்ட முயல் பள்ளிக்கூடம் போகும் கதை ஒன்று இருக்கும். வெள்ளைப் பின்னணியில் முயலின் போட்டோ மட்டும் உள்ள அட்டைப் புத்தகம் ஒன்று. முயல் வளையைக் குறுக்காக வெட்டிக் காட்டும் தகவல் நூல் ஒன்று. ஒரு எழுத்துகூட இல்லாமல் புல்வெளி முழுவதையும் விரித்து வைக்கும் நூல் இன்னொன்று. நான்கிலும் முயல் உண்டு. மறுநாள் நிஜ முயலைப் பார்க்கும் பிள்ளை, சட்டையைத் தேடுமா, காதைப் பார்க்குமா, வளை எங்கே என்று கேட்குமா என்பது எந்தப் புத்தகம் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. புத்தகத்தை மூடிய பிறகு பிள்ளையின் கண் எங்கே போகிறது என்பதை வைத்தே இங்கே எடை போடுகிறோம்.

போட்டோவா, ஓவியமா?

இதற்கான விடை வயதோடு தலைகீழாகிறது.

ஒன்பது மாதக் குழந்தை புத்தகப் பக்கத்தில் இருக்கும் படத்தை விரலால் பற்றி எடுக்கப் பார்க்கும். ஜூடி டிலோச்சும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் பதிவு செய்தது இது. ஒன்றரை வயதைத் தாண்டும்போது எடுக்கப் பார்ப்பது நின்று, சுட்டிக் காட்டுவது தொடங்குகிறது. படம் என்பது வேறொன்றுக்குப் பதிலாக நிற்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபடும். அந்தக் கட்டத்தில் படத்துக்கும் நிஜத்துக்கும் இடையே தூரம் குறைவாக இருப்பது நல்லது. 15, 18 மாதக் குழந்தைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது. புத்தகத்தில் கற்ற பெயரை நிஜப் பொருளுக்குப் பொருத்த, கார்ட்டூனைவிட போட்டோவும் நிஜத்தை ஒத்த வண்ண ஓவியமும் அதிகம் கைகொடுத்தன. ஆகவே இரண்டு வயதுக்குள் என்றால் தெளிவான போட்டோ, அல்லது போட்டோவுக்கு நெருங்கிய ஓவியம். பெரிய கண்ணும் புன்னகையும் வைத்த வட்ட மஞ்சள் கோழிக்குஞ்சு பெரியவர்களின் ரசனைக்காக வரையப்படுவது.

மூன்று வயதுக்கு மேல் நிலைமை மாறுகிறது. போட்டோ ஒரு குறிப்பிட்ட அணிலை, ஒரு குறிப்பிட்ட நொடியில் காட்டுகிறது. வால் இலைக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். முதுகில் நிழல் விழுந்து கோடு தெரியாமல் போயிருக்கலாம். நல்ல ஓவியர் பல அணில்களைப் பார்த்து, எந்த அடையாளமும் மறையாத ஒரு நிலையில் அணில் என்ற இனத்தையே வரைந்து விடுகிறார். அமெரிக்கப் பறவையியலாளர் ராஜர் டோரி பீட்டர்சன், வெளியில் பார்க்கும் பறவைகளை அடையாளம் காண உதவும் களக் கையேட்டை 1934-இல் ஓவியங்களோடு கொண்டு வந்தபோது செய்தது இதுதான். ஒத்த பறவைகளை ஒரே நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடத்துக்கு ஒரு சிறு கோடு போட்டுக் காட்டினார். கேமராக்கள் எவ்வளவோ முன்னேறியும், பறவை பார்ப்பவர்கள் ஓவியக் கையேட்டை இன்னும் கைவிடவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கும் அதே காரணம் பொருந்தும். ‘இரண்டிலும் எது வேறு?’ என்று தேட ஓவியம்தான் இடம் கொடுக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு கோளாறு, அளவு. இடப்பக்கத்தில் தவளை, வலப்பக்கத்தில் பசு. இரண்டும் பக்கத்தை நிறைத்துக்கொண்டு ஒரே உயரத்தில் நிற்கும். அண்மைக் காட்சிப் போட்டோவில் எறும்பு பூதம்போல் வாயைத் திறக்கும். பிள்ளைக்கு அது எறும்பாகத் தோன்றாது, பயம்தான் வரும். ஒரே காட்சியில் இலை, விரல், கல் என்று ஏதாவது துணைப்பொருள் இருக்கும் நூலைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பென்சிலை எடுத்து, எறும்பின் படத்துக்கு அடியில் 4 மில்லிமீட்டர் கோடு ஒன்றை இழுத்து, ‘எறும்பு இத்தனூண்டு’ என்று காட்டுங்கள். புத்தகத்தில் கிறுக்குவது பாவம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கோட்டுக்கு விதிவிலக்கு தரலாம்.

பேசும் விலங்கு, பேசாத விலங்கு

வீடுகளில் அதிகம் நடக்கும் வாக்குவாதம் இது. பேசும் விலங்குக் கதைகள் கற்பனைக்கு நல்லவை என்பது ஒரு கட்சி. விலங்கைப் பற்றிய பொய்யைப் பிள்ளைக்கு ஊட்டுகின்றன என்பது எதிர்க்கட்சி.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா கேனியாவும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் அறியாத விலங்குகளைப் பற்றிய படநூல்கள் வாசிக்கப்பட்டன. ஒரு வகையில் விலங்கு விலங்காகவே விவரிக்கப்பட்டது. இன்னொரு வகையில் பேசியது, மனிதரைப்போல் திட்டம் போட்டது. மனிதத்தனமான புத்தகங்களில் இளைய பிள்ளைகளுக்கு உண்மைத் தகவல் குறைவாகவே பதிந்தது. விலங்குகளுக்கு மனித குணத்தை ஏற்றிச் சொல்லும் போக்கிலும் மாற்றம் தெரிந்தது. அதைத் தூண்டியது முக்கியமாகப் புத்தகத்தின் மொழி. வாங்குபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. அட்டையில் முயலுக்குச் சட்டை இல்லை என்றதும் ‘இது இயல்பான நூல்’ என்று எடுத்துவிடுகிறோம். உள்ளே, ‘அம்மா சிலந்தி கோபத்தோடு வலையைப் பின்னியது, ஈக்குப் பாடம் கற்பிக்க’ என்று எழுதியிருக்கும். படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நடுவில் ஏதாவது இரண்டு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வினைச்சொற்களே காட்டிக் கொடுத்துவிடும். பின்னியது, காத்திருந்தது, கடித்தது, சுற்றியது என்று இருந்தால் அது சிலந்தியைப் பார்த்து எழுதியது. முடிவு செய்தது, பழிவாங்கியது, வெட்கப்பட்டது என்று இருந்தால் சிலந்தி வேஷத்தில் மனிதர் இருக்கிறார்.

அதற்காகப் பேசும் முயலை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. அது கதை நூல். கதைக்கான அலமாரியில் இருக்கட்டும். இயற்கையை அறிமுகப்படுத்தும் வேலையை அதன் தலையில் கட்டும்போதுதான் சிக்கல்.

தவறு இருந்தும் தாங்கும் புத்தகங்களும் உண்டு. 1969-இல் வந்த எரிக் கார்லின் ‘The Very Hungry Caterpillar’ படநூலில் வரும் பசிகொண்ட புழு, ஐஸ்கிரீமும் கேக்கும் தின்கிறது. கடைசியில் அந்துப்பூச்சிகளைப்போல் நூற்கூடு கட்டி அதிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. நிஜத்தில் பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு நூற்கூட்டுக்குள் ஒளிந்திருக்காது. புழு தோலை உரித்ததும் உள்ளிருந்து தெரிவதே அந்தக் கெட்டியான உறை. ஆனால் முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு என்ற வரிசை சரியாக இருப்பதால் நூல் நிற்கிறது. வாசிக்கும்போது ‘நூற்கூடு’ என்ற ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும்.

கடையில் நின்றபடியே செய்யும் சோதனை

உள்ளடக்கத்தை நம்பலாமா என்று அறியக் கால்களை எண்ணுவதே குறுக்குவழி. எறும்புக்கு ஆறு கால், ஆறும் நடுத் துண்டிலிருந்து முளைக்க வேண்டும். மூன்று துண்டிலும் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தால் வரைந்தவர் எறும்பைக் குனிந்து பார்த்ததில்லை. சிலந்திக்கு எட்டு, எல்லாம் முன் துண்டில்; பின்னால் இருக்கும் உருண்டை வயிற்றில் கால் இருக்காது. வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் நான்கு இறக்கைகள். புழுவின் முன்பகுதியில் மூன்று இணை உண்மைக் கால். பின்னால் இருக்கும் தடித்த தசைக்கால்கள் வேறு. நிலத்து நத்தையின் கண் நீண்ட கொம்புகளின் நுனியில், முகத்தில் அல்ல.

தேனீ கிளையில் தொங்கும் பழுப்பு நிறக் கூம்புக்குள் வாசல் வைத்துக் குடியிருந்தால், அது பழைய ஐரோப்பிய வைக்கோல் கூடையைப் பார்த்து வரைந்த பழக்கம், தலைமுறை தலைமுறையாக ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து வரைகிறார்கள். பெங்குவினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நின்றால் புத்தகத்தை வைத்துவிடலாம். ஒன்று தென் அரைக்கோளத்தில், மற்றது வட துருவத்தில். நத்தை ஓட்டின் சுழலையும் பாருங்கள். பெரும்பாலான நத்தைகளுக்குக் கூர்முனை மேலே இருக்கும்படி வாயை நம் பக்கம் திருப்பினால் வாய் வலப்பக்கம் வரும். இடப்பக்கம் வந்தால், பக்க அமைப்பாளர் அழகுக்காகப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இதை எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்கப் போவதில்லைதான். ஆனாலும் இப்படிப்பட்ட சின்ன விஷயத்தில் கவனமாக இருக்கும் பதிப்பகம் பெரிய விஷயத்திலும் ஏமாற்றாது.

மடிப்பு, பாப்-அப்

இழுத்தால் எழும் தவளை, திறந்தால் தெரியும் முட்டை. பிள்ளைக்குக் கொண்டாட்டம்தான், கற்பதற்கு இடைஞ்சல். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளிடம் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், பாப்-அப் இருந்த புத்தகத்தைவிட எளிய படம் மட்டும் உள்ள புத்தகத்திலிருந்தே விலங்கின் பெயர் நன்றாக மனதில் நின்றது. காகிதம் எழும்போது கவனம் முழுவதும் காகிதத்துக்குப் போய்விடுகிறது. ஒரே ஒரு சலுகை தரலாம்: கல்லுக்கு அடியில் யார், மரப்பொந்துக்குள் என்ன என்று, நிஜத்திலும் மறைந்தே இருக்கும் ஒன்றை மறைக்கும் மடிப்பு. அதையும் கொடுக்கும் முன் மடியும் ஓரத்தில் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். மடிப்பு முதலில் கிழிவது அங்கேதான்.

எழுத்தில்லாத நூலும் தகவல் நூலும்

போட்டி உண்மையில் கடினமாக இருப்பது இங்கே. எழுத்தில்லாத நூலில் ஒரே குளம், பன்னிரண்டு பக்கமும் அதே குளம். காலை, மழை, வறட்சி, இரவு. கேள்வி கேட்கும் உரிமை பிள்ளையிடம் இருக்கிறது. எந்த மொழி வீட்டில் புழங்குகிறதோ அந்த மொழியிலேயே பேசலாம். பலவீனம் இரண்டு. வாசிப்பவருக்குத் தும்பியையும் ஊசித்தட்டானையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் எல்லாமே ‘பூச்சி’ ஆகிவிடும். இரண்டாவது நெரிசல். இரண்டு பக்கப் பரப்பில் நாற்பது உயிர்கள் இருந்தால் பிள்ளையின் கண் எதிலும் தங்காது. கெட்டி அட்டையில் ஆறு சென்டிமீட்டர் வட்ட ஓட்டை வெட்டி, படத்தின்மேல் நகர்த்திக் காட்டுங்கள். தொலைநோக்கியில் பார்ப்பதுபோல் ஒரு நேரத்தில் ஒரு உயிர். ஒரு அமர்வில் இரண்டு விரிபக்கம் போதும்.

தகவல் நூல் வாசிப்பவரின் அறியாமையைச் சரிக்கட்டும். பெயரும் உறுப்பும் அச்சிலேயே இருக்கும். ஆனால் நல்ல தகவல் நூலை மோசமாக வாசிப்பது எளிது. ஒவ்வொரு பெட்டியையும் வரிவரியாகப் படித்தால் மூன்றாவது பக்கத்தில் பிள்ளை எழுந்து போய்விடும். பெரிய எழுத்து வரியை மட்டும் வாசித்துவிட்டு, பிள்ளை விரல் வைக்கும் இடத்தின் சிறு எழுத்தை மட்டும் படியுங்கள். ‘இது என்ன? அது என்ன?’ என்று தேர்வு நடத்துவதும் வேண்டாம். பெயர் சொன்னதும் பார்வை முடிந்துவிடுகிறது. ‘இது எதைத் தின்னும்னு நினைக்கிறே?’, ‘மழை வந்தா எங்க போகும்?’ என்பவை பார்வையை நீட்டும். பிள்ளை ‘கல்லுக்கு அடியில’ என்றால், ‘ஆமா, ஈரமான கல்லுக்கு அடியில’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பித் தந்து, அதையே பிள்ளையைச் சொல்ல வையுங்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட உரையாடல் வாசிப்பு முறையின் சாரம் இதுதான்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஜெசிகா ஹார்ஸ்ட் குழு 2011-இல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தது: ஒரே கதையை மீண்டும் மீண்டும் கேட்டவர்கள், அதே சொற்கள் வரும் வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிடப் புதுச்சொற்களை நன்றாகக் கற்றார்கள். இருபது புத்தகம் வாங்கும் காசுக்கு ஐந்து நல்ல புத்தகம் வாங்கலாம்.

ஒன்றையே எடுக்க வேண்டும் என்றால் மூன்று, நான்கு வயதுக்கு எழுத்தில்லாத நூலைத்தான் சொல்வோம், பக்கத்தில் பெரியவர் உட்காரும் வீடாக இருந்தால். அந்த நேரம் கிடைக்காத வீட்டுக்குத் தகவல் நூல்.

களக் கையேடு எப்போது?

ஐந்து வயதுக்கு மேல். ஐந்நூறு இனம் உள்ள பெரியவர் கையேடு பிள்ளைக்கு மலைப்பு. முப்பது, நாற்பது இனம் போதும். அதுவும் வீட்டு ஜன்னலிலிருந்தும் தெருவிலிருந்தும் பார்க்கக் கூடியவை. எறும்பு, காகம், நத்தை, சிலந்தி, பாசி எல்லாம் இருந்தால் சிறப்பு. சிங்கமும் திமிங்கிலமும் வேறு புத்தகத்துக்கு. பார்த்ததும் பக்கத்தில் பென்சிலால் தேதி போட இடம் இருக்க வேண்டும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, விளக்கொளியும் எதிரொளிக்கும். பளபளப்பில்லாத தாளே வசதி.

புத்தகம் முதலா, வெளியே போவது முதலா என்பதில் எங்கள் கை வெளியே போவதன் பக்கம். நத்தையைக் கண்ணால் பார்த்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் ‘கண்ணு எங்க இருந்துச்சு?’ என்ற கேள்வியோடு பக்கத்தைத் திறக்கும். பக்கத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, ஈரச்சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புப் புள்ளி நத்தை என்று தோன்றாமலே போகலாம். பார்த்ததற்கும் வாசிப்பதற்கும் இடையே ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள். வாசித்த பிறகு, முடிந்தால் அதே சுவருக்கு மறுபடி ஒரு முறை போங்கள். கொம்பின் நுனியில் அந்தக் கரும்புள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.