பழைய படகு எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: ஆயிலின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் லானியர் ஏரியில் ஓட்டுவதற்காக 1989ஆம் ஆண்டில் தயாரான வேகப்படகு ஒன்றை வாங்கினேன். அதில் இருப்பது 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர் கொள்ளளவுள்ள வி-8 எஞ்சின். அதை முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்து, வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்டையும், அந்த மேடுகளின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் லிஃப்டர்களையும் புதிதாகப் போட்டுத் தரும்படி இப்பகுதியில் நல்ல பெயர் பெற்றிருந்த ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். அந்த எஞ்சின் பதினான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடவில்லை. இதே வகைப் படகு வைத்திருக்கும் வேறு எவருக்கும் இந்த நிலை வரக் கூடாது என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

முதல் பத்து மணி நேரம் குறை ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் வால்வு மூடிப் பக்கமிருந்து விடாமல் ஒரு தட்டல் ஓசை கேட்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 4,800 சுற்று வரை எளிதாக ஏறிய எஞ்சின் 4,200ஐத் தாண்ட மறுத்தது. கார்புரேட்டர் வழியாக அவ்வப்போது வெடித்தது. பட்டறைக்காரரிடம் சொன்னபோது, புதிய லிஃப்டர்கள் அப்படித்தான் ஒலிக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். அதை நம்பி மேலும் மூன்று மணி நேரம் ஓட்டினேன். பேரிங்குகள் கெட்டதும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிறகு ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தபோது தாளின் ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளிப்பொடி போல உலோகத்துகள் படிந்திருந்தது. வேறொரு மெக்கானிக் எஞ்சினைத் திறந்தார். கேம்ஷாஃப்டின் இரண்டு மேடுகள் ஏறக்குறைய வட்டமாகவே தேய்ந்துபோயிருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த லிஃப்டர்களின் அடிப்பாகம் கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டதற்கு, கார்களுக்கான 5டபிள்யூ-30 என்னும் மெல்லிய ஆயில், கார் ஆயில்களுக்கான தரவரிசையில் எஸ்.என். தரம், இதைவிட உயர்ந்தது அப்போது சந்தையில் இல்லை என்று பட்டறைக்காரர் பெருமையாகவே சொன்னார். தவறு அங்கேதான் இருக்கிறது. இந்தப் பழைய எஞ்சின்களின் லிஃப்டருக்கு உருளை கிடையாது. அதன் தட்டையான அடிப்பாகம் கேம் மேட்டின் மீது நேரடியாக உரசிக்கொண்டே சுழல்கிறது. எஞ்சினிலேயே மிகக் கடுமையான அழுத்தம் விழும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் அறுந்துவிட்டால் உலோகத்தைக் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் இசட்.டி.டி.பி. என்னும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம்தான். ஆனால் பாஸ்பரஸ் காரின் புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதன் அளவு பத்து லட்சத்தில் 800 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். உருளை லிஃப்டர் உள்ள புதிய கார் எஞ்சின்களுக்கு அது போதும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே இல்லாத என் படகுக்கு அந்தக் கட்டுப்பாட்டால் ஒரு பயனும் இல்லை, இழப்பு மட்டுமே உண்டு.

படகின் உழைப்பும் காரின் உழைப்பும் ஒன்றல்ல. கார் சமதரையில் சற்று இளைப்பாறும்; படகோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எப்போதும் மேட்டில் ஏறுவது போலவே ஓடுகிறது. ஏரி நீரால் நேரடியாகக் குளிரும் எஞ்சின் போதிய சூடு ஏறாமலே ஓடுவதால் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. குளிர்காலம் முழுவதும் நிற்கும்போது கேம் மேடுகளில் துருப்பிடித்தால், வசந்தத்தில் முதல் முறை முடுக்கும்போதே சேதம் தொடங்கிவிடும். 25டபிள்யூ-40 போன்ற கனமான படகு ஆயில்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. படகு எஞ்சின் ஆயில்களுக்குத் தரப்படும் எஃப்.சி.-டபிள்யூ. என்ற முத்திரை பெற்ற ஆயில் துருச் சோதனையில் தேறியிருக்கும். ஆனால் அந்த முத்திரை மட்டும் துத்தநாகத்தின் அளவைச் சொல்லாது. தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்த்தே வாங்க வேண்டும். பத்து லட்சத்தில் 1,000க்கும் 1,400க்கும் இடைப்பட்ட பங்கு இருப்பதை நான் தேர்ந்தெடுக்கிறேன். குறைந்த அளவுள்ள ஆயிலில் கடையில் விற்கும் துத்தநாகப் புட்டியைக் கணக்கில்லாமல் ஊற்றுவதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அளவு மீறினால் அதுவே உலோகத்தை அரிக்கும். டப்பாவின் முன்புறம் கதிர்கள் விரிந்த வட்ட முத்திரை இருந்தால், அது பாஸ்பரஸ் குறைக்கப்பட்ட கார் ஆயில் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஆயில் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. புதிய கேம்ஷாஃப்டை முதன்முறை ஓட்டும்போது, மேடுகளில் தனிப் பசை பூசி, முடுக்கிய உடனே 2,000 முதல் 2,500 சுற்றுக்கு ஏற்றி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் சுழன்று தெறிக்கும் எண்ணெய்தான் அந்த மேடுகளை எட்டும், சுமையின்றி மிக மெதுவாக ஓடும் ஐடிலில் அது போதுமான அளவு தெறிக்காது. நான் அங்கே நின்றிருந்த அன்று, அவர்கள் எஞ்சினை ஐடிலில் விட்டுக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டு தவறுகளில் எது எவ்வளவு கெடுத்தது என்று என்னால் பங்கு பிரிக்க முடியாது, ஆனால் இரண்டையும் செய்தது ஒரே பட்டறை.

உத்தரவாதத்தைக் கேட்டபோது, நான் ஆயிலை மாற்றியிருக்கலாம் என்று கூறி மறுத்துவிட்டார்கள். பில்லில் இருந்தது "ஆயில், 7 குவார்ட்" என்ற ஒரே வரி. பெயரும் இல்லை, தரமும் இல்லை. வாயால் சொன்னதை இப்போது அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவது ஓவர்ஹாலுக்கு என் கையிலிருந்து 4,300 டாலர் போனது. இம்முறை ஆயிலின் பெயர், தரம், பாஸ்பரஸ் அளவு, முதல் ஓட்டத்தின் சுற்றும் நேரமும் ஆகிய எல்லாவற்றையும் வேலைச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே சாவியைக் கொடுத்தேன். நாற்பது மணி நேரம் ஓடிய பின் சென்ற வாரம் ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். தாள் சுத்தமாக இருந்தது.