அந்தப் புட்டி வாங்கலாமா? நுவரெலியாக் குளிரில் நெடுநாள் பயன்படுத்திய பிறகு

பதுளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, விமான மாடலின் இறக்கை உடலோடு சேரவில்லை. நடுவில் பெரிய இடைவெளி. நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சாம்பல் நிறப் புட்டியை வாங்கலாமா?" ஒரு வரியில் முடிகிற பதில் என்னிடம் இல்லை. புட்டி என்பது பிளாஸ்டிக் மாடலின் கீறலையும் இடைவெளியையும் நிரப்பித் தேய்க்கும் களிம்பு; அந்த டியூப் பல வருடங்களாக என் மேசையில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கரைப்பான் ஆவியாகி இறுகுகிற எந்த டியூப் புட்டிக்கும் நான் சொல்வது பொருந்தும்.

முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கீறல்கள், பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து அவற்றை வெட்டியெடுக்கும்போது விழுகிற சிறு பள்ளங்கள், அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகள் விட்டுச்செல்லும் வட்டத் தடங்கள் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல பொருளை நான் தொட்டதில்லை. மிக மெல்லியதாகப் பரவும். 600ஆம் இலக்கச் சாண்ட்பேப்பரை நீரில் நனைத்துத் தேய்த்தால் புட்டி எங்கே முடிகிறது, பிளாஸ்டிக் எங்கே தொடங்குகிறது என்று விரல் நுனிக்கே தெரியாது. அருகில் நுணுக்கமான வரிகள் இருந்தால், இறுகுவதற்கு முன் அசிட்டோன் இல்லாத நெயில் பொலிஷ் ரிமூவரைத் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துவிடலாம். வரிகள் அப்படியே பிழைக்கும். இவையெல்லாம் உண்மை. இவற்றை மறைத்துவிட்டுக் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் தம்பி கேட்பது கீறலைப் பற்றியல்ல, இடைவெளியைப் பற்றி. அங்கேதான் இந்தப் புட்டி என் ஹரிகேன் போர் விமான மாடலைக் கெடுத்தது.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்து எழும்பியவற்றில் ஹரிகேன்களே பெரும்பான்மை. பிரித்தானிய விமானப்படையின் 30ஆம் படைப்பிரிவு இரத்மலானையிலிருந்தும், 258ஆம் படைப்பிரிவு கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்தும் கிளம்பின. நம் நாட்டு வானத்தில் பறந்த விமானம் என்பதால்தான் 1:72 அளவில், அதாவது உண்மையின் 72இல் ஒரு பங்காக, அதைக் கட்ட ஆசைப்பட்டேன். இந்த அளவில் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி. பார்ப்பதற்குச் சிறியதுதான், 72ஆல் பெருக்கிப் பாருங்கள், 36 மில்லிமீட்டர் வரும். உண்மை விமானத்தில் விரல்களை நுழைத்துவிடலாம். அந்த அளவு ஓட்டையை வர்ணம் மறைக்காது.

புட்டியை நிரப்பினேன், காயவிட்டேன், தேய்த்தேன். வர்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சான ப்ரைமர் அடித்துப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. பச்சையும் மண்ணிறமும் பூசி, முத்திரைகளை ஒட்டி, அலமாரியில் வைத்து நாள்கள் பல கடந்த பிறகு அதே இடத்தில், வர்ணத்துக்கு அடியில், ஒரு பள்ளமான கோடு. புட்டி உள்வாங்கியிருந்தது. முடிந்துவிட்டது என்று எழுந்த வேலையை அது எனக்குத் தெரியாமல் பின்னால் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காரணம் எளிது. கரைப்பான் வெளியேறும்போது புட்டியின் கன அளவும் குறைகிறது. மேற்பரப்பு முதலில் இறுகி, பால் மேல் ஆடை படிவது போலப் படிந்துவிடும். உள்ளே இருப்பது ஈரமாகவே கிடக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ்தான். கொழும்பில் அது 27 பாகை. டியூபில் அச்சிட்டிருக்கும் காயும் நேரம் இந்தக் குளிருக்கானதல்ல. மெல்லிய படலங்களாகப் பூசி ஒவ்வொன்றையும் முழுதாகக் காயவிட்டால் பாதிப்பு குறையும் என்பதையும் நேர்மையாகச் சொல்கிறேன். குறையும், நிற்காது. இங்கே ஒவ்வொரு படலத்துக்கும் வேண்டிய காத்திருப்பை நினைத்தாலே கோபம் வருகிறது.

ஹரிகேனில் இதைவிடக் கொடுமையான இடம் வயிற்றுப் பக்கம். கீழ் இறக்கைத் துண்டின் பின்விளிம்பு பின்னுடலோடு சேரும் இடத்தில் ஒரு படி நிற்கும். அந்தப் பின்னுடல் உலோகத் தகடு அல்ல, துணி போர்த்தியது; துணிக்கு அடியிலுள்ள மரச்சட்டங்கள் நீளவாக்கில் மெல்லிய வரப்புகளாகத் தெரிய வேண்டும். புட்டி பூசிப் படியைச் சமன் செய்யத் தேய்த்தால் வரப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். பிறகு சட்டகத்தின் துண்டொன்றை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி, இழுத்து, இழையாக்கி, அந்த வரப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும்.

எனவே தம்பிக்கு என் முதல் பதில்: நிரப்புவதை விடுங்கள், இடைவெளி ஏன் வந்தது என்று பாருங்கள். பசையில்லாமல் பாகங்களைப் பொருத்தி, டேப் ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சேரும் முகத்தில் வெட்டின மிச்சம் துருத்திக்கொண்டிருக்கலாம். இரு பாதிகளையும் ஒன்று சேர்க்கும் முளைகள் விலகியிருக்கலாம். விலகியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுக் கண்ணால் பார்த்தே பொருத்துங்கள். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவேயான இடைவெளிக்கு நல்ல வைத்தியம் உடலின் உள்ளேதான் இருக்கிறது: சட்டகத் துண்டொன்றைக் குறுக்காக வைத்து உடலின் இரு பக்கங்களையும் சற்றே வெளியே தள்ளினால் இடைவெளி தானாக மூடும். வயிற்றுப் படிக்கு, தடித்திருக்கும் பாகத்தை உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்கினால் வெளிப்பக்க வரப்புகளைத் தொடவே வேண்டாம். இதற்கெல்லாம் பிறகும் பெரிய பிளவு இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கீற்றாக வெட்டிச் செருகி, நீர் போன்ற மெல்லிய பசையை ஓடவிடுங்கள். டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் பசை இதற்கு அருமையானது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உருகிச் சேர்கிறது. பிற்பாடு உள்வாங்கும் பேச்சே இல்லை.

கடைசியாக மிஞ்சும் மெல்லிய இடைவெளிக்குத்தான் நான் எதிர்பாராமல் கண்டெடுத்த மகிழ்ச்சி: சூப்பர் குளூவும் டால்கம் பவுடரும். சூப்பர் குளூ இறுகுவது கரைப்பான் போவதால் அல்ல, பரப்பில் படிந்திருக்கும் ஈரத்தால். மே முதல் செப்டெம்பர் வரை ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்கும் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமேது? புட்டியைப் படுத்தும் இதே ஊரில் சூப்பர் குளூ விரைவாக இறுகி, இறுகிய அளவிலேயே நிற்கிறது. அப்பச்சோடாவைச் சேர்க்கச் சொல்வார்கள்; வேண்டாம். தூவிய கணத்தில் கல்லாகிவிடும், உருவம் கொடுக்க நேரம் தராது. பவுடரைக் குழைத்தால் சற்று நேரமும் கிடைக்கும், தேய்ப்பதும் எளிது. ஆனால் தேய்ப்பதை அன்றே முடித்துவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, பிளாஸ்டிக் தேய, நிரப்பியது மேடாக நிற்கும். விமானி அறையின் கண்ணாடிக்குப் பக்கத்தில் மட்டும் சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி வெண்படலமாகப் படிந்துவிடும். அங்கே சாதாரண வெள்ளைப் பசை போதும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு இவற்றோடு வேலை செய்யவும் கூடாது.

பதுளை எங்களைவிட வெப்பமான இடம். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதுளை 700 மீட்டருக்கும் கீழே. அங்கே இந்தப் புட்டி சீக்கிரம் காயும், என்னிடம் காட்டிய குணத்தை உங்களிடம் அந்த அளவுக்குக் காட்டாமலும் இருக்கலாம். தீப்பற்றக்கூடிய கரைப்பான் இருப்பதால் விமானத் தபாலில் வரவழைக்க முடியாது; கொழும்புக் கடையில் கண்டால் வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றும் என்பதும் எனக்குத் தெரியும். மேலே இரண்டாவது பத்தியில் சொன்ன பாராட்டில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை.

இருந்தாலும் வாங்காதீர்கள், தம்பி. நேற்று மாலை அலமாரியைத் துடைக்கும்போது இடது இறக்கையடியிலும் அந்தக் கோடு தொடங்கியிருப்பதைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்குப் பிளாஸ்டிக் தகடும் ஒரு போத்தல் மெல்லிய பசையும் வாங்குங்கள்.