ஹெட் கேஸ்கெட் பெயரில் நடந்த ஏமாற்று: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எஞ்சின் சூடேறுகிறது என்று பழைய காரைப் பட்டறையில் விட்டால், எதையும் சோதிக்காமல் "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொல்லிப் பெரிய தொகையை வாங்கிவிடுகிறார்கள். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். மதுரையில் என் அப்பாவுக்கு நடந்தது இது. அவரிடம் ஹெட் வேலைக்குப் பணம் வாங்கினார்கள். ஹெட்டைக் கழற்றவே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள், எப்படிப் பிடிபட்டது என்பதை முழுதாக எழுதுகிறேன். இதே முறையில் வேறு யாரையும் ஏமாற்ற முடியும் என்பதுதான் என் கவலை.

வண்டி 1997 மாருதி 800. கார்புரேட்டர் மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆர்.சி. புதுப்பித்து, எஃப்.சி. காட்டி, அப்பா பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் வண்டி. கோடையில் ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறும். நான்கு வழிச்சாலையில் விருதுநகர் வரை போனாலும் பாதியைத் தாண்டாது. அப்பா இதை அப்படியே பட்டறையில் சொன்னார். அந்த ஒரு தகவலே போதும், கோளாறு எங்கே இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கும். நிற்கும்போது மின்விசிறி மட்டும்தான். ஓட்டத்தில் சரியாக இருந்து நின்றால் மட்டும் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியது விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே, தண்ணீர் சூடானதும் விசிறியைப் போட்டுவிடும் தெர்மோ சுவிட்ச். நேர்மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாவது என்று பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே முள் ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கலாம், தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், அல்லது உண்மையிலேயே கேஸ்கெட்டாக இருக்கலாம்.

பட்டறைக்காரர் இது எதையும் கேட்கவில்லை. எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியில்லாமல் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கய்யா, குமிழி குமிழியா வருது. கேஸ்கெட் வெடிச்சு கேஸ் தண்ணியில ஏறுது. இப்படியே ஓட்டுனா எஞ்சினே போயிரும்." அறுபத்தெட்டு வயது மனிதருக்கு அதைப் பார்த்ததும் பயம் வரத்தான் செய்யும். விசிறி சுற்றாத வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டால் தண்ணீர் கொதித்துக் குமிழி வரும். மூடி இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும். மூடியின் ஸ்பிரிங் உள்ளே சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்குப் பக்கம் போகும்வரை கொதிக்காமல் நிற்கிறது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். கேஸ்கெட் கோளாறில் வரும் குமிழி வேறு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே ஆரம்பிக்கும், விடாமல் வரும், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கூடும். எஞ்சின் இன்னும் சூடாகாமலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். ஆயில் மூடிக்குக் கீழே வெள்ளைப் பசை இருப்பதையும் காட்டிப் பயமுறுத்துவார்கள். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலேயே அது வரும்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கலாம். ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குழாயில் நீல நிற திரவம் இருக்கும். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். இந்த இரண்டில் ஒன்றையாவது செய்து காட்டச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் வாங்கியது 16,800 ரூபாய். ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவிச் சமமாக்குவது), கேஸ்கெட் செட், ரேடியேட்டர் கிளீனிங், கூலி என்று வெள்ளைத் தாளில் நான்கு வரி. கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. வண்டி வந்த வாரமே சிம்மக்கல் நெரிசலில் முள் மறுபடி ஏறியது. மைலேஜும் குறைந்துவிட்டது.

அப்புறம் ஒரு வயதான கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கேட்டதே "நின்னா ஏறுதா, ஓடுனா ஏறுதா?" என்றுதான். எஞ்சினைச் சூடாக்கினார். விசிறி அசையவில்லை. தெர்மோ சுவிட்சின் ஒயரைக் கழற்றி நேரடியாகக் கொடுத்ததும் விசிறி சுற்றியது. மோட்டார் நல்லது, ஃபியூஸ் நல்லது, சுவிட்ச் செத்துவிட்டது. சில நூறு ரூபாய்ப் பொருள். (இதை நீங்களாகச் செய்யாதீர்கள். விசிறி எப்போது வேண்டுமானாலும் சுற்றும், விரல் போய்விடும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள்.)

அடுத்து அவர் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. பணம் வாங்கிய அந்தப் பட்டறைக்காரர் கழற்றி எறிந்திருக்கிறார். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு அது" என்று பலர் இப்போதும் இதைச் செய்கிறார்கள். இது மிகத் தவறான பழக்கம். தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் போகும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் விடாமல் எஞ்சினை வேகமாகச் சூடாக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் வெகுநேரம் குளிர்ச்சியாகவே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

அவர் டார்ச்சை எஞ்சின் பக்கவாட்டில் அடித்துக் காட்டிய இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றால் டைமிங் பெல்ட் கவரைத் திறந்தாக வேண்டும், சைலன்சர் குழாயைப் பிரித்தாக வேண்டும். கவர் போல்ட்டுகளின் மேல் வருடக்கணக்கான ஆயில் அழுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. சைலன்சர் நட்டுகள் துருவோடு ஒட்டிக் கிடந்தன. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்க்கும் கேஸ்கெட் ஓரம் கறுத்துப்போய்ப் பழையதாகவே இருந்தது. டாப் கவர் ரப்பர் மட்டும் புதுசு, பார்வைக்கு.

பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கழற்றிய கேஸ்கெட் எங்கே என்று கேட்டோம். குப்பையில் போட்டாச்சு என்றார். எந்த லேத்தில் ஃபேசிங் போட்டீர்கள், பில் எங்கே என்றோம். லேத்தில் பில் தரமாட்டார்கள் என்றார். ஹெட் எவ்வளவு வளைந்திருந்தது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இந்த எஞ்சினில் ஹெட் வளைவு 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கலாம். நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் அளந்து பார்த்த பிறகுதான் ஃபேசிங் தேவையா என்றே முடிவாகும். அளக்காமல் ஃபேசிங் போட்டேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தோம். பட்டறையிலிருந்து பதில் வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு முறையான பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்றில்லை, நாமே வாதாடலாம்.

எங்கள் மனுவுக்குப் பலம் எலக்ட்ரீஷியன் கை வைக்கும் முன் எடுத்த படங்கள்தான். உங்கள் வண்டியை ஹெட் வேலைக்கு விடுவதாக இருந்தால், விடும் முன்பே டைமிங் கவர் போல்ட், சைலன்சர் நட்டு, ஹெட்டும் பிளாக்கும் சேரும் ஓரம் மூன்றையும் கிட்டத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்ததும் கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். பழைய கேஸ்கெட்டைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.